பூனைக்கு மருந்தூட்டும் முறை

பூனையைப் பூசையென்றும் வெருகென்றும் நம் முன்னோர் பலவாறு வழங்கினர். வெருகின் இளமைப்பெயர் குட்டியென்பது தொல்காப்பிய மரபியலாற் பெறப்படும். இங்ஙனம் இலக்கணத்துள் இடம்பெற்ற இவ்வுயிர் நோயுற்றவிடத்து, மருந்து கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாது போவதைப் பல இல்லங்களில் நாம் காண்கின்றோம். மருத்துவர் குறித்த நாள்வரை மருந்து செல்லாவிடின் நோய் மீளக்கூடும். ஆதலின் அதனை ஊட்டும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

குழந்தைக்குப்போலத் தேனிற் குழைத்துக் கொடுத்தலாற் பயனில்லை. பூனையின் நா இனிப்பை உணராது. அச்சுவையை அறிதற்குரிய மரபணு அதனிடத்துப் பழுதுற்றிருத்தலை 2005 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அது விரும்புவன ஊனும் மீனுமே. ஆகவே முள் நீக்கிய மீன்துண்டு மூன்றெடுத்து, நடுத்துண்டில் மாத்திரையை மறைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம். உணவு முழுவதிலும் மருந்தைக் கலத்தல் தகாது. கசப்பறிந்தால் அவ்வுணவையே பூனை வெறுக்கும். சில நாள் உண்ணாதிருப்பின் அதன் கல்லீரலிற் கொழுப்பேறி உயிர்க்கே இடருண்டாம்.

இவ்வுபாயம் பலியாதாயின், நகம் படாதவாறு துவாலையால் கழுத்தளவும் போர்த்துக. ஒரு கையால் தலையை மேலிருந்து பற்றி, மூக்கு மேனோக்குமாறு சற்றே நிமிர்த்தினால் கீழ்த்தாடை தளரும். மற்றைக் கைவிரலால் அதனைத் தாழ்த்தி, மாத்திரையை நாவின் அடிப்பகுதியில் இட்டு, வாயை மூடித் தொண்டையை மெல்லத் தடவுக. பூனை தன் மூக்கை நக்குமாயின் பெரும்பாலும் விழுங்கிற்றென அறியலாம்.

அவ்வளவில் நிறுத்துதல் கூடாது. உலர்ந்த மாத்திரை உணவுக்குழலில் தங்கிவிடும். டாக்சிசைக்ளின் போன்றவை அவ்விடத்தைப் புண்ணாக்கிக் குழலையே சுருக்கிவிடக்கூடும். எனவே ஊசி நீக்கிய பீச்சுக்குழலால் 5 அல்லது 6 மில்லிலிட்டர் நீரைக் கன்னத்தின் பக்கமாகச் சிறிது சிறிதாகப் புகட்டுக. நீர்மருந்துக்கும் இதுவே முறை. ஆயின் தலையை நிமிர்த்தலாகாது, மருந்து மூச்சுக்குழலுட் புகும்.

மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைப் பொடித்தலும், நம் மருந்தை அதற்கு ஈதலும் ஒழிக. நாம் உட்கொள்ளும் பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. அதனை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

சீறுவதும் கீறுவதும் பகையால் அன்று, அச்சத்தால் என்றுணர்ந்து, மருந்துக்குப் பின் விருப்பவுணவு சிறிது அளித்து வருவோமாயின், மறுநாள் நம்மைக் கண்டு அது கட்டிலின்கீழ் ஒளியாது. நோயுற்ற பூனைக்கு நம் கையின்மேல் நம்பிக்கை இருத்தல் மருந்தளவு இன்றியமையாதது என்பது நம் துணிபு.