இரக்கம் கோரும் எழுத்தில் நேர்மை

வாயில்லாப் பிராணிகளுக்காக நிதி கோரும் மடல்கள் நம் இல்லங்களுக்கும் வருகின்றன. புண்பட்ட கழுதையின் படம். அதன் கீழே நெஞ்சைப் பிழியும் நான்கு வரிகள். இரக்கம் நற்குணமே, அதில் ஐயமில்லை. ஆயினும் அதனை எழுப்பும் சொற்கள் நேர்மையானவையா என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

எகிப்து நாட்டு வரலாறு ஒன்று இதற்குச் சான்றாகும். முதல் உலகப் போர் 1918இல் முடிவுற்றபின், பிரிட்டிஷ் படையின் குதிரைகள் ஆயிரக்கணக்கில் அங்கேயே விற்கப்பட்டன. 1930இல் கெய்ரோ வந்த டோரதி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணி, அவை முதுமையிலும் வண்டியிழுத்து நலிந்திருக்கக் கண்டார். 1931இல் லண்டன் 'மார்னிங் போஸ்ட்' நாளிதழில் அவரது கடிதம் வெளியாயிற்று. நிதி குவிந்தது. மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகள் விலைகொடுத்து வாங்கப்பட்டன. 1934இல் கெய்ரோவில் கட்டணமில்லாக் கால்நடை மருத்துவமனையும் தோன்றியது.

'கொடியவர் கையில் சிக்கிய குதிரைகள் காப்பாற்றப்பட்டன' என்று இதனை ஒரே வரியில் எழுதிவிடலாம். நிதியும் சேரும். ஆனால் அவ்வரியில் இரு பிழைகள் உள்ளன.

முதலாவது, 'கொடியவர்' என்னும் சொல். குதிரைக்காரர்களுள் பெரும்பாலோர் அன்றாட உழைப்பால் வயிறு வளர்த்த ஏழைகள். விற்றுச் சென்ற படையை மறைத்து, வாங்கிய ஏழையைப் பழிப்பது நீதியாகுமா? அவை போர் முடிவில் விற்கப்பட்ட படைக் குதிரைகள் என்பதை அம்மையாரின் கடிதம் மறைக்கவில்லை.

இரண்டாவது, 'காப்பாற்றப்பட்டன' என்பது. வாங்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் நலம்பெற இயலாத நிலையில் இருந்தன. அவற்றுக்கு ஓய்வும் தீனியும் அளித்தபின், வேதனையின்றி உயிர் பிரியச் செய்தனர். அதுவும் கருணையே. ஆனால் பசும்புல் மேயும் குதிரையை நன்கொடையாளரின் மனக்கண்முன் நிறுத்துவது உண்மையாகாது. அவர் கொடுத்த பணம் அமானிதம் எனில், அதன் பயனைப் பற்றிய செய்தியும் அமானிதமே.

சரியான சொல் சரியான மருந்துக்கும் வழிகாட்டும். 'சித்திரவதை' என்று எழுதினால் சினம் பிறக்கும், அத்துடன் நின்றுவிடும். 'சேணம் உராய்ந்த புண்' என்று எழுதினால், சேணத்தின் அடியில் மெத்தென்ற துணி வைக்கவேண்டும் என்பது உடனே விளங்கும். அம்மையார் பெயரால் இன்றும் பல நாடுகளில் இயங்கும் புரூக் நிறுவனம், சிகிச்சையுடன் நில்லாது உரிமையாளர்களுக்கும் லாடமடிப்போருக்கும் பயிற்சி அளித்துவருகிறது. பகைவர் என்று ஏசப்பட்டவர் எவரும் பயிற்சிக்கு முன்வரமாட்டார்.

படங்களுக்கும் இவ்வரம்பு உண்டு. படம் பிடிப்பதற்காகப் புண்ணைக் கட்டாமல் வைத்திருத்தல் அப்பிராணிக்கு இழைக்கும் இன்னொரு கொடுமையாகும். உரிமையாளரின் இசைவின்றி அவர் முகத்தை உலகுக்குக் காட்டுவதும் முறையன்று.

ஆகவே அத்தகைய மடல் கைக்கு வரும்போது மூன்றினை நோக்குக. பிராணியின் துன்பம் உள்ளபடி கூறப்பட்டுள்ளதா? அதனை வளர்க்கும் ஏழையின் மானம் காக்கப்பட்டுள்ளதா? நம் பணம் எதற்குச் செலவாகும் என்பது தெளிவாக உள்ளதா? இம்மூன்றும் இருப்பின் தயங்காது கொடுப்போம். இல்லையெனில், கொடுப்பதற்கு முன் கேட்டறிவோம்.