குளிர்காலக் காய்கறியும் விதைச் சுயராஜ்யமும்

புரட்டாசி பிறந்துவிட்டால், சமவெளியில் காலிபிளவர், முட்டைக்கோஸ், நூல்கோல் முதலியவற்றுக்கு நாற்றங்கால் போடும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசியில் நட்ட நாற்று மார்கழி, தைப் பனியில் தேறும். தலையங்கப் பக்கத்தில் காய்கறிக்கு என்ன வேலை என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். உப்பையும் நூலையும் ஆயுதமாகக் கொண்டு ஒரு சாம்ராஜ்யத்தோடு போராடிய தேசத்தில், விதையைப் பற்றிப் பேசுவது அற்ப விஷயமாகாது என்பது நமது அபிப்பிராயம்.

இவற்றை நம்மவரில் பலர் 'இங்கிலீஷ் காய்கறி' என்றே அழைத்து வந்திருக்கின்றனர். பெயரில் குற்றமில்லை. காலிபிளவர் விதை 1822-ல் இங்கிலாந்திலிருந்து சகாரன்பூர்க் கம்பெனித் தோட்டத்துக்கு வந்ததாகத் தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன. அதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. சீமைக் குளிரில் பழகிய செடி நமது வெயிலில் இலையை விட்டதே தவிர, எளிதில் பூக்கட்டவில்லை. வெப்பத்தைப் பொறுத்துப் பூக்கட்டிய செடிகளை மட்டும் அறுக்காமல் நிறுத்தி, விதை எடுத்து, மறு வருஷம் விதைத்தனர் வடநாட்டுக் குடியானவர்கள். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் செய்ததன் பயனாக, இந்தியக் காலிபிளவர் என்ற தனி வகுப்பே தோன்றிற்று. அதன் முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்திலேயே பூக்கட்டுகின்றன. வடநாட்டுச் சமவெளியிலேயே விதையும் தருகின்றன. அக்குடியானவர்களின் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. கவர்னர்களின் பெயரை எழுதுவதற்கே அதற்குப் பொழுது போதவில்லை போலும்!

முட்டைக்கோஸின் கதை வேறு. பல வாரங்கள் கடுங்குளிர் பட்டாலன்றி அது பூத்து விதை கொடாது. ஆகவே வெளிநாட்டு விதையையே பெரிதும் நம்பியிருந்தோம். இரண்டாவது உலக யுத்தத்தில் அவ்வரவு தடைப்பட்ட பிறகே சர்க்காருக்கு விழிப்பு உண்டாயிற்று. 1942-43-ல் குவெட்டாவில் விதை உற்பத்தி துவங்கிற்று. 1947-ல் தேசப் பிரிவினையோடு குவெட்டாவும் போயிற்று. பிறகு குலு பள்ளத்தாக்கிலுள்ள கட்ராயினில் அவ்வேலை நடந்தது. விதைக்குப் பிறரை நம்பியிருப்பவனின் கதி இதுதான்.

விதை கையில் வந்த பின்னும் அதை நாற்றங்காலில் பாழாக்குவோர் பலர். ஓர் ஏக்கருக்குக் காலிபிளவர் விதை சுமார் 150 கிராம் போதும், விலையோ அதிகம். நம் பக்கத்தில் நாற்று வளரும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவதால், பாத்தியைத் தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்த வேண்டும். மட்கிய தொழு உரமும் மணலும் கலந்த மண்ணில், நான்கு விரற்கிடை வரிசைகளில், அரை அங்குல ஆழத்துக்கு மேற்படாமல் விதைத்து, வைக்கோலால் மூடிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். முளை கண்டதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நாற்று வெளிறி நெட்டையாகும். அடர்த்தியாக விதைத்து நீரைத் தேக்கினால், தண்டு மண்மட்டத்தில் அழுகி, நேற்று நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடக்கும். பலத்த மழைக்குக் கீற்றுப் பந்தல் அவசியம்; மழை விட்டதும் அதை நீக்குவதும் அவ்வளவே அவசியம்.

25 முதல் 30 நாள் நாற்றே நடத் தகுந்தது. நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து, வெயிலும் காற்றும் நன்றாகப் படும்படி விட வேண்டும். செல்லமாக வளர்ந்த நாற்று வயலில் நிற்காது. பிடுங்குமுன் பாத்தியை நனைத்து, வேர் அறாமல் எடுத்து, மாலை நேரத்தில் ஒன்றரை அடி இடைவெளியில் நட்டு, உடனே உயிர்த்தண்ணீர் விட வேண்டும். முற்றிய நாற்றை நட்டால் காலிபிளவர் பொத்தான் அளவே பூக்கட்டி ஏமாற்றும். காரட்டையும் முள்ளங்கியையும் பிடுங்கி நடவே கூடாது. கிழங்கு கிளைத்துக் கோணிவிடும்.

கடையில் வாங்கும் ஒட்டு விதையிலிருந்து மறு விதை எடுத்தால் ஒரே மாதிரியான பயிர் வராது. எனவே வருஷந்தோறும் கடைக்காரரிடமே போக வேண்டும். விளைச்சலுக்காக அதை வாங்குவோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் சட்டம் நமக்களித்துள்ள உரிமையைப் பலர் அறியார். 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டென்கிறது. முத்திரைப் பெயரிட்டு விற்பது மட்டுமே விலக்கு.

வடநாட்டார் செய்ததை நம் சமவெளியிலும் செய்து பார்க்கலாம். ஒட்டு அல்லாத முன்பருவ ரகமாக வேண்டும். தனிச்செடி தன் மகரந்தத்தால் செவ்வனே விதை கட்டாதாகையால் பல செடிகளை நிறுத்த வேண்டும். காலிபிளவர், முட்டைக்கோஸ், நூல்கோல் மூன்றும் ஒரே இனமாதலால், பூக்கும் காலத்தில் சுமார் ஒரு மைல் தூரத்துக்குள் மற்றவை பூத்தால் தேனீக்கள் கலப்பு உண்டாக்கிவிடும். ஒரு குடியானவன் தனியே செய்யக்கூடிய காரியமன்று. ஊரார் கூடி எந்த ரகத்தை விதைக்கு விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். நாற்றங்கால் போடுமுன்பே அதைச் செய்தாக வேண்டும்.