மாலை கழற்றிய பிறகும் குடிக்காமல் இருக்க

கார்த்திகை பிறந்தால் புதுச்சேரியின் கருவடிக்குப்பத்திலும் பக்கத்து லாஸ்பேட்டையிலும் சில வீடுகளுக்கு நிம்மதி வந்துவிடும். சபரிமலைக்கு மாலை போட்ட மனிதர் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிப்பார், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார், சாராயக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் ஒரு வாரத்துக்குள் பழைய கதை. "இத்தனை நாள் இருந்த மனுஷனுக்கு இப்ப என்ன கேடு?" என்று வீட்டில் அழுகை.

அவருக்கு மன உறுதி இல்லை என்று சொல்வது அநியாயம். ஒரு மண்டலம் அவரைத் தாங்கியதில் சாமி மீதான பயத்துக்குப் பங்கு உண்டு, கூட இருந்தவர்களுக்கும் பங்கு உண்டு. கடைக்குப் போகும் அதே சாயங்கால நேரத்தில் பஜனை இருந்தது. தடுமாறினால் கேட்கக் குருசாமி இருந்தார். மாலையோடு அந்தத் துணையும் போய்விடுகிறது. ஆண்டு முழுவதும் அப்படியொரு துணை தருவதற்காகவே குடிநோயிலிருந்து மீள்பவர்களின் கூட்டங்கள் நடக்கின்றன.

முதலில் டாக்டர்

தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2, 3 நாட்களில் ஆள் தெரியாத குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் தொடங்கினால் அது உயிருக்கே ஆபத்து. மாலை போட்டு நிறுத்துபவருக்கும் இது பொருந்தும். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. நம் பகுதிக்குத் தூரமே இல்லை. முதலில் அங்கே காட்டுங்கள்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை, பொடி கலப்பதை விட்டுவிடுங்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்பிராம் மாத்திரை உள்ளே போனது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர்கூடப் போகலாம்.

கூட்டத்தில் என்ன நடக்கும்

இத்தகைய கூட்டங்களை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. பங்குத் தரகர் பில் வில்சன், அறுவை சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்ததுதான் ஆரம்பம். இந்தியாவுக்கு 1957இல் வந்தது.

கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் எழுந்து தன் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். சம்பளக் கவரைப் பிரித்த இடம், அடகுக்குப் போன தாலி, மகள் பேச்சை நிறுத்திய நாள் என்று சொல்லிக்கொண்டே போவார். நடுவில் யாரும் குறுக்கிடமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். புதிதாக வந்தவர் பேசாமல் கேட்டுவிட்டு எழுந்து போகலாம். முடிவில் செலவுக்காக ஒரு பெட்டி சுற்றி வரும். இருப்பவர் போடுவார், இல்லாதவர் அடுத்தவரிடம் நகர்த்திவிடுவார்.

இதனால் பலன் உண்டா? 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் காக்ரேன் அமைப்பு பார்த்தது. ஏ.ஏ.வோடு இணைத்து முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு கழித்து 100க்குச் சுமார் 42 பேர் குடிக்காமல் இருந்தார்கள். வேறு சிகிச்சைகளில் சுமார் 35 பேர். எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் இல்லைதான். காசு செலவில்லாத ஒன்றுக்கு இது பெரிய பலன்.

எந்தக் கூட்டம் சரி

நேரத்தையும் வழியையும் முதலில் பாருங்கள். மற்றவை எல்லாம் அப்புறம். தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சாராயம் புதுச்சேரியில் உரிமக் கடையில் கிடைக்கிறது. மதுபானமும் தமிழ்நாட்டைவிட மலிவு. வேலை முடிந்து, கையில் கூலியோடு ஒருவர் திரும்பும் நேரம்தான் கண்டம். அந்த நேரத்தை அடைத்துக்கொள்ளும் கூட்டமே அவருக்கு நல்லது. கட்டட வேலை செய்பவருக்குச் சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம் ஒன்று, ஓய்வு நாள் காலையில் நடக்கும் இரண்டு கூட்டங்களுக்குச் சமம் என்பேன். போகும் வழியில் பழைய கடை இருந்தால் வேறு வழியாகப் போகட்டும், முதல் மாதம் வீட்டார் ஒருவர் கூடப் போகட்டும்.

அடுத்தது பேச்சு. நம் தமிழில், நம்மைப் போன்ற பிழைப்புள்ளவர் பேசும் இடத்தில்தான் மனம் திறக்கும். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று கூச்சப்படுபவர் வேறு பேட்டைக் கூட்டத்துக்குப் போகலாம். பெண்கள் தங்களுக்கென்று தனிக் கூட்டம் உண்டா என்று கேட்கலாம். இல்லையென்றால் பெண்கள் வரும் கூட்டமாகப் பார்க்கலாம். குடும்பத்தாரும் வரலாமா என்று முன்பே விசாரியுங்கள்: திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். ஏ.ஏ.வில் வரும் கடவுள் பேச்சு ஒட்டாதவருக்கு ஸ்மார்ட் ரெக்கவரி போன்ற வேறு முறைகளும் உண்டு, இணையவழியில்கூட.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள். ஆனால் டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் குழுவுக்கோ, உள்ளே பேசியதைத் தெருவில் பேசும் குழுவுக்கோ மறுபடி போகவேண்டாம். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டவர், அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போகவேண்டும். அங்கே இருக்கும் பலரும் அப்படி விழுந்து திரும்பி வந்தவர்கள்தான்.

அவர் வர மறுத்தால்

நீங்கள் போங்கள். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் குடும்பத்தாருக்காக அல்-அனான் அமைப்பைத் தொடங்க முன்நின்றார். கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் குடும்பத்தைச் சிகிச்சையின் பகுதியாகவே பார்க்கிறது. குடித்துவிட்டு வந்தவரிடம் ராத்திரியில் சண்டை போடாமலிருப்பது, அவர் வாங்கிய கடனை நாம் அடைக்காமலிருப்பது, பிள்ளைகளைக் காப்பது, இதையெல்லாம் பழகிக்கொள்ள இத்தகைய இடங்களில் துணைக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை. அவருக்காக வீட்டார் பேசினாலும் வழி சொல்வார்கள்.