மஹீனின் குதிரைகள்

வங்காளத்தில் குடியேறிய நமக்கு ரவீந்திர சங்கீதம் புதிதல்ல. பூஜைப் பந்தலில் கேட்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண் ஆர்மோனியத்துடன் சாதகம் செய்வதைக் கேட்கிறோம். நம் பிள்ளைகளில் சிலர் அதைக் கற்று மேடையேறியும் இருக்கிறார்கள். ஆனால் இதே ஊரில் பிறந்து, பிறந்த காலத்தில் சீந்துவாரின்றிக் கிடந்து, இருபது வருஷம் கழித்து ஊரையே பாட வைத்த ஓர் இசைக்குழு உண்டு. அதன் பெயரை நம் பெரியவர்களிடம் சொன்னால், "என்னது, குதிரையா?" என்றுதான் கேட்கிறார்கள்.

குதிரைதான். 'மொஹீனேர் கோராகுலி' என்றால் மஹீனின் குதிரைகள். பெயர் கவிஞர் ஜீவனானந்த தாஸின் ஒரு கவிதையிலிருந்து எடுத்தது. ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் 1954-ல் டிராம் மோதி, சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாரே, அதே கவிஞர். நம்மவர்கள் தினமும் காய்கறி வாங்கிப் போகும் சாலைதான் அது. குழுவுக்கு முதலில் 'சப்தர்ஷி', 'தீரந்தாஜ்' என்றெல்லாம் பெயர்கள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி. குழுவினர்' என்று கூட ஒரு பெயர் இருந்ததாம்! பட்டத்தைப் போட்டுக்கொள்ளும் வழக்கத்தைக் கிண்டல் செய்யத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கௌதம் சட்டோபாத்யாய்தான் குழுவின் உயிர். பிரஸிடென்ஸி கல்லூரி மாணவர். பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்களில் ஆங்கிலப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தவர். பிறகு நக்ஸல்பாரி இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார். வெளிவந்தபின் சில காலம் மத்தியப் பிரதேசத்தில் இருந்துவிட்டு, நாக்தலாவில் இருந்த தம் வீட்டுக்குத் திரும்பினார். 1975-ல் உடன்பிறந்தார், உறவினர், நண்பர்கள் என்று ஏழு பேர் அங்கே கூடினார்கள்: கௌதம், விஸ்வநாத், பிரதீப், ரஞ்சன் கோஷால், தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், ஏப்ரஹாம் மஜும்தார்.

இவர்கள் செய்தது என்ன? கிடாரும் டிரம்ஸும் மேல்நாட்டு வயலினும் வைத்துக்கொண்டு வங்காளியில் பாடினார்கள். பாப் டிலன், பீட்டில்ஸ் பாதிப்பு நன்றாகத் தெரியும். அதற்குள்ளேயே பாவுல் பாடகர்களின் கிராமத்துக் குரலும் கேட்கும். பாட்டின் பொருளோ நகரம்தான். காதலைப் பாடினாலும் நிலவையும் தென்றலையும் மட்டும் பாடாமல் இந்த ஊரின் இரைச்சலையும் அலுப்பையும் கூடச் சேர்த்துப் பாடினார்கள். இந்தியாவில் தாய்மொழியில் ராக் பாடிய முதல் குழு என்று இவர்களைச் சொல்கிறார்கள். 'முதல்' என்ற பட்டத்தில் எனக்கு அவ்வளவு அக்கறையில்லை. பாட்டு நன்றாயிருக்கிறது, அது போதாதா?

1977, 1978, 1979 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று சிறிய இசைத்தட்டுகள் வந்தன. மூன்றும் சேர்ந்து பத்துப் பாட்டுக்குள் அடங்கிவிடும். முதல் தட்டின் தலைப்பு 'சங்விக்ன பாகிகுல் ஓ கொல்கத்தா விஷயக்'. 'கலங்கிய பறவைக் கூட்டமும் கல்கத்தாவைப் பற்றியும்' என்று நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். யார் வாங்குவார்கள்? அன்று வானொலியிலும் வீடுகளிலும் ரவீந்திர சங்கீதமும் திரைப்பாட்டும் ஆட்சி செய்தன. ஆங்கில ராக் கேட்பவர்களுக்கு வங்காளிப் பாட்டு பட்டிக்காட்டுத்தனம்; வங்காளிப் பாட்டு கேட்பவர்களுக்கு கிடார் கலாசாரச் சீரழிவு. இரண்டு பக்கமும் இடமில்லாமல் போயிற்று.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா வந்தார். கிராமத்து மெட்டையும் மேல்நாட்டு வாத்தியத்தையும் அவரும்தான் சேர்த்தார், ஊரே கொண்டாடியது. திறமை ஒருபுறம் இருக்கட்டும், அவருக்குத் திரைப்படம் என்ற பெரிய வாகனம் கிடைத்தது. இவர்களுக்கு அது இல்லை. சொந்தக் காலில் நடந்தார்கள். 1981-ல் குழு கலைந்தது.

ஆளுக்கொரு திசை. ரஞ்சன் கோஷால் பெங்களூரில் விளம்பரத் துறையிலும் நாடகத்திலும் ஈடுபட்டார். விஸ்வநாத் அமெரிக்கா சென்றார். ஏப்ரஹாம் மேல்நாட்டு சங்கீதம் கற்பிப்பவரானார். கௌதம் சினிமாப் பக்கம் போனார். அவருடைய 'நாக்மதி' 1983-ம் ஆண்டின் சிறந்த வங்காளப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

இதற்குள் புதிய தலைமுறை வளர்ந்துவிட்டது. 1992-ல் சுமன் சட்டோபாத்யாயின் 'தொமாகே சாய்' கேசட் வந்து, நகரத்து வாழ்க்கையையும் பாட்டில் வைக்கலாம் என்று எல்லோருக்கும் காட்டியது. பழைய இசைத்தட்டுகளைக் கல்லூரி மாணவர்கள் தேடி எடுத்தார்கள். 1995 புத்தகக் கண்காட்சியில் 'ஆபார் பொச்சோர் குடி பொரே' கேசட்டைக் கௌதம் வெளியிட்டார். 'மீண்டும் இருபது ஆண்டுக்குப் பின்' என்று பொருள். தாமே எல்லாவற்றையும் பாடாமல் இளைஞர் பலரைப் பாட வைத்து, ஒரு பத்திரிகை ஆசிரியரைப் போலத் தொகுத்தார். அதில் ஒரு பாட்டு 'பிருத்திபீட்டா நாகி'. டெலிவிஷன் பெட்டிக்குள் உலகம் சுருங்கிச் சுருங்கி, மனிதன் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வதைப் பற்றியது. கேபிள் டி.வி. வந்த புதிதில் எழுதியது. கையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்லவே வேண்டாம்.

கௌதம் 1999 ஜூனில் காலமானார். அந்த மெட்டு 2006-ல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தில் 'பீகீ பீகீ' என்று வந்து நாடெங்கும் ஒலித்தது. பங்களாதேஷ் பாடகர் ஜேம்ஸ் பாடியது. இந்திப் பாட்டென்று நினைத்து நம் இளைஞர்கள் முணுமுணுத்தது நாக்தலாச் சரக்கு! ரஞ்சன் 2020-ல் மறைந்தார். தாபஸ் தாஸுக்குப் புற்றுநோய் வந்தபோது இளைய பாடகர்கள் அவருக்காகக் கச்சேரி செய்து பணம் திரட்டினார்கள். 2023 ஜூனில் அவரும் போய்விட்டார்.

கேட்க விரும்பும் அன்பர்கள் 'பிருத்திபீட்டா'வில் ஆரம்பிக்கலாம். கடைக்காரரிடம் பேரம் பேசுமளவு வங்காளி தெரிந்தாலே முக்கால்வாசி புரிந்துவிடும். மீதியைப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளலாம்; அவர்களுக்கு மனப்பாடம்.