நெட் போனாலும் ஃபைல் போகும்

ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. நெட் இல்லை. இப்போது பழைய லேப்டாப்பில் இருக்கும் படங்களை வைஃபை வழியாகப் புது லேப்டாப்புக்கு அனுப்ப முடியுமா? வகுப்பில் கேட்டுப் பாருங்கள், "அதெப்படி முடியும்?" என்றுதான் பலரும் சொல்வார்கள். தாராளமாக முடியும்.

வைஃபை வேறு, இணையம் வேறு. உங்கள் லேப்டாப்பும் ரூட்டரும் ரேடியோ அலைகளில் பேசிக்கொள்வது வைஃபை. இணையம் ரூட்டருக்கு அந்தப் பக்கம், தெருக் கம்பத்திலிருந்து வரும் வயரில் இருக்கிறது. கூடத்து லேப்டாப்பிலிருந்து படுக்கையறை லேப்டாப்புக்குப் போகும் படம் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. அதனால் நெட் பேக்கும் தீராது.

2011-இல் தொடங்கி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு லேப்டாப் கொடுத்தது. உங்கள் அக்காவோ சித்தப்பாவோ அப்படி வாங்கியது இன்னும் பரணில் கிடக்கலாம். அதை இறக்கித் தூசி தட்டி, சார்ஜ் போட்டுவிட்டோம். அதில் 40 ஜிபி குடும்பப் படங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

வைஃபையில் சேர்ந்ததும் ஒவ்வொரு கணினிக்கும் ரூட்டர் ஓர் எண் முகவரி கொடுக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். பக்கத்து வீட்டிலும் இதே முகவரி இருக்கலாம், குழப்பம் வராது. வீடு, அலுவலகம் போன்ற இடங்களின் உள்பயனுக்கென்றே ஒதுக்கிய எண்கள் இவை. வெளி இணையத்தில் செல்லாது. பழைய லேப்டாப் முதலில் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும்படி, "192.168.1.7 யாரப்பா?" என்று கேட்கும். அந்த எண்ணுக்குரிய புது லேப்டாப் மட்டும் தன் வைஃபை சிப்பின் 48 பிட் அடையாள எண்ணைச் சொல்லிப் பதில் கொடுக்கும். டிவியும் அப்பாவின் ஃபோனும் கேள்வியைக் கேட்டும் பேசாமல் இருந்துவிடும்.

இனிப் படம் கிளம்ப வேண்டும். 4 எம்பி படம் ஒன்று முழுசாகப் போவதில்லை. ஏறத்தாழ 1,460 பைட் அளவுள்ள துண்டுகளாக நறுக்கப்படுகிறது. கணக்குப் போட்டால் ஒரே படம் 2,700 துண்டுகளுக்கு மேல் வரும்! ஒவ்வொரு துண்டிலும் யாருக்கு, யாரிடமிருந்து, வரிசையில் எங்கே என்ற விவரங்கள் இருக்கும். வழியில் கெட்டுப்போனதா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. வாங்கும் கணினி "இதுவரை வந்து சேர்ந்தது" என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்து அம்மா மைக்ரோவேவ் அடுப்பைப் போடுகிறார். அடுப்பின் அலைகளும் வைஃபையின் ஒரு வகை அலைகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே இருப்பதால் சில துண்டுகள் சிதைந்துபோகும். பரவாயில்லை, போனவற்றை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். முழுப் படத்தையும் ஒரே நீளமாக அனுப்பியிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

இந்த நறுக்கும் யோசனை 1960களில் அமெரிக்காவில் பால் பாரனுக்கும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸுக்கும் தனித்தனியே வந்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்ப ஒரு பொது முறையை 1971 ஏப்ரலில் எழுதியவரை நமக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியின் முதல் பேட்சில் படித்து, அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். எஃப்டிபி என்ற அவருடைய முறை பல பத்தாண்டுகள் உலகமெங்கும் ஓடியது.

ஃபைல் "போகிறது" என்று நாம் சொல்கிறோமே, உண்மையில் எதுவும் இடம் மாறவில்லை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து நீங்கள் நோட்டில் எழுதிக்கொள்வதைப் போன்றதுதான் இது. பலகையில் எழுத்து அப்படியே இருக்கிறது. நோட்டில் புதிதாக ஒன்று எழுதப்பட்டுவிட்டது. பழைய லேப்டாப் தன் படத்தைப் படித்துச் சொல்கிறது, புது லேப்டாப் தன் வட்டில் முதலிலிருந்து எழுதிக்கொள்கிறது. காற்றில் போவதெல்லாம் ரேடியோ அலையின் மாற்றங்கள்தான்.

சரி, எவ்வளவு நேரம் ஆகும்? பழைய லேப்டாப்பின் வைஃபை வேகம் நொடிக்கு 72 மெகாபிட் என்று காட்டினால் 72 எம்பி என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக 9 எம்பி. விசாரிப்புகளுக்கும் பதில்களுக்கும் நேரம் போவதால் அதில் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டு லேப்டாப்பும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் ரூட்டருக்கு ஒருமுறை, ரூட்டரிலிருந்து மறுமுறை என்று காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் மிஞ்சியதும் பாதியாகிவிடும். நொடிக்கு இரண்டரை எம்பி கிடைத்தால் 40 ஜிபிக்கு நாலரை மணி நேரம் ஆகும்.

இரண்டையும் லேன் கேபிளில் ரூட்டரோடு இணைத்துப் பாருங்கள். நொடிக்கு 100 மெகாபிட் தரும் சாதாரண இணைப்பிலேயே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே போனால் வேலை முடிந்துவிடும். கேபிள் அழகாக இருக்காதுதான். ஆனால் இந்த வேலைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஒரு பெரிய சினிமா ஃபைல் வேகமாகப் போகும். அதே அளவுக்கு ஆயிரக்கணக்கான குட்டிப் படங்கள் என்றால் நொண்டியடிக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, பெயர் எழுது, மூடு என்று தனித்தனிச் சடங்கு உண்டு. பழைய லேப்டாப்புகளில் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும் வட்டுகள் அதிகம். அடுத்த ஃபைலைத் தேடி, வட்டைப் படிக்கும் முள் நகர்ந்து, வட்டின் சரியான இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு கணினி மற்றொன்றின் கண்ணில் படவே இல்லையா? விண்டோஸில் உங்கள் வைஃபை "பப்ளிக்" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரயில் நிலைய வைஃபையில் அன்னியர் எட்டிப் பார்க்காமல் இருக்க அந்த அமைப்பு கணினியை மறைத்துவைக்கும். நம் வீட்டில் அதைப் "பிரைவேட்" என்று மாற்றலாம். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள். பழைய லேப்டாப்பை யாருக்காவது கொடுப்பதென்றால் படங்களை டெலிட் செய்துவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். சுழலும் வட்டில் டெலிட் செய்ததும் எழுத்து அழியாது. "இந்த இடம் காலி" என்ற குறிப்புத்தான் மாறும். அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை, மீட்கும் மென்பொருள் வைத்திருப்பவர் உங்கள் படங்களை எடுத்துவிடலாம். விண்டோஸை ரீசெட் செய்யும்போது வட்டை முழுவதும் துடைக்கும் தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும், சார்ஜரைக் கழற்ற வேண்டாம்.