எறும்பின் பின்னே ஒரு பாடவேளை

விலங்குலகம் என்றதும் நாம் சுவரில் மாட்டுவது சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி உள்ள சார்ட். இரண்டாம் வகுப்புக் குழந்தை அந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடும். அதே குழந்தையை ஓர் எறும்பு வரையச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு உருண்டையும் நான்கு காலும்தான் வரும். அந்தப் படங்களைத் திருத்த வேண்டாம். தேதியிட்டு எடுத்து வையுங்கள். பிறகு மறுபடி வரைய வைக்கலாம்.

மறுநாள் வகுப்பைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வாருங்கள். கடிக்காத பிள்ளையார் எறும்பு ஊரும் இடமாக முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது. செவ்வெறும்பு, கட்டெறும்பு உள்ள இடம் வேண்டாம். வெல்லத்தூள், சோற்றுப் பருக்கை, பொடித்த நிலக்கடலை, உப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வைத்து, எறும்பு எதற்கு முதலில் வரும் என்று கேளுங்கள். குழந்தைகள் சொன்னதை எழுதிக்கொண்ட பிறகு காத்திருக்கலாம். வெல்லம்தான் என்று நாம் முந்திக்கொள்ளக் கூடாது. சில வகை எறும்புகள் எண்ணெய்ப் பசையுள்ள கடலையைத்தான் முதலில் நாடும்.

வரிசை உருவானதும் அதன் குறுக்கே தரையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். எறும்புகள் அங்கே வந்து தடுமாறும், இங்குமங்கும் அலையும். ஏன் என்ற கேள்வியைக் குழந்தைகளிடமே விடுங்கள். "ரோடு அழிஞ்சிபோச்சு டீச்சர்" என்று யாராவது சொன்னால் பாதி விடை வந்துவிட்டது. உணவைக் கண்ட எறும்பு திரும்பும்போது தரையில் ஒரு வாசனைப் பொருளை இட்டுக்கொண்டே போகிறது, மற்றவை உணர்கொம்பால் அதை அறிந்து பின்தொடர்கின்றன என்ற மீதியை நாம் சொல்லலாம்.

எறும்பைப் பிடித்து பாட்டிலில் அடைத்துக் கொண்டுவரச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வரிசையும் வாசனையும் புற்றும் வெளியே இருக்க, பாட்டிலுக்குள் இருப்பது அலைந்து சாகப்போகும் ஓர் உயிர் மட்டுமே. எறும்பைக் கண்டாலே காலால் தேய்க்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. என் வகுப்பில் அப்படிப்பட்ட இருவர்தான் இரண்டாம் வாரம் வரிசையின் இருபுறமும் சாக்பீஸால் கோடு போட்டு, 'மிதிக்காதே' என்று எழுதி வைத்தார்கள்.

பிறகு களிமண் வேலை. தலை, மார்பு, வயிறு என்று மூன்று உருண்டை. கால்களுக்கு ஆறு ஈர்க்குச்சி. காலை எங்கே செருகுவது என்பதில் சண்டையே வரும். ஒரு லென்ஸைக் கொடுத்து மறுபடி வெளியே அனுப்புங்கள். ஆறும் நடு உருண்டையில்தான் என்று அவர்களே கண்டுபிடித்து வருவார்கள். இந்தக் கணக்கில் ஈ, கரப்பான், வண்ணத்துப்பூச்சி எல்லாம் ஆறுகால் கூட்டத்தில் சேரும். சிலந்திக்கு எட்டுக் கால், உடலும் இரண்டே பகுதி. அது பூச்சியினம் இல்லை. நாம் வைத்த பெயரோ எட்டுக்கால் பூச்சி!

மழைக்காலத்தில் எறும்புகள் வெள்ளையாக எதையோ சுமந்து இடம் மாறும். முட்டை என்போம். உண்மையான முட்டை மிகச் சிறியது. நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை நடத்த நினைப்பவர்கள், மழைக்கு மறுநாள் இதையும் காட்டி இரண்டையும் சேர்த்தே நடத்திவிடலாம்.