சான்றில்லாத தாள்கள்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று நம் முன்னோர் சொல்லிச் சென்றனர். இம்முதுமொழியை மறந்ததால், உலகப் புகழ்பெற்ற செய்தி நிறுவனம் ஒன்று தலைகுனிய நேர்ந்தது. அந்நிகழ்ச்சி நம் குடும்பங்களுக்கும் பாடமாகத்தக்கது.

2004-ஆம் ஆண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இரண்டு மாதங்கள்கூட இல்லை. அப்போதைய தலைவர் ஜார்ஜ் புஷ் மீண்டும் போட்டியிட்டார். செப்டம்பர் 8 அன்று இரவு, சி.பி.எஸ். தொலைக்காட்சியின் ‘அறுபது நிமிடங்கள்’ நிகழ்ச்சியின் புதன்கிழமைப் பதிப்பில் சில குறிப்புத் தாள்கள் காட்டப்பட்டன. புஷ் இளமையில் டெக்சாஸ் விமானத் தேசியக் காவற்படையில் கடமை தவறினார் என்றும், அவருக்குச் சலுகை காட்ட மேலிடத்து நெருக்குதல் இருந்தது என்றும் அவை கூறின. அவருடைய மேலதிகாரி ஜெர்ரி கில்லியன் 1972, 1973 ஆண்டுகளில் எழுதியவை அவை எனப்பட்டது. கில்லியனோ 1984-இலேயே இறந்துவிட்டவர். செய்தியை வழங்கியவர், 1981 முதல் அந்நிறுவனத்தின் மாலைச் செய்திக்குப் பொறுப்பேற்றிருந்த டான் ராதர்.

சில மணி நேரத்திலேயே ஐயம் எழுந்தது. அக்காலத் தட்டச்சுப் பொறிகளில் பெரும்பாலானவை எல்லா எழுத்துகளுக்கும் ஒரே அகலம் கொடுப்பவை. இத்தாள்களிலோ எழுத்துக்கு எழுத்து அகலம் மாறியது. கணினியில் அச்சிட்டவை போலன்றோ இருக்கின்றன என்று பலர் வினவினர். நிறுவனத்தின் கையில் இருந்தவை நகல்களே. மூலத் தாள்கள் இல்லாததால் மையையோ காகிதத்தையோ சோதிக்க வழியில்லை. முதல் தாள்கள் கிடைத்து ஆறு நாட்களுக்குள் செய்தி ஒளிபரப்பாகிவிட்டது. தாங்கள் முன்னரே ஐயம் தெரிவித்ததாக, ஆவணங்களைப் பார்வையிட்ட வல்லுநர்களுள் இருவர் பின்னர்க் கூறினர்.

அவசரத்தில் தவறுவது மனித இயல்பு. ஆனால் அடுத்து நடந்ததே பெருந்தவறு. பன்னிரண்டு நாட்கள் அந்நிறுவனம் தன் செய்தியே சரியென்று வாதாடியது. இதற்குள் தாள்களைக் கொடுத்த ஓய்வுபெற்ற அதிகாரி, அவற்றைத் தாம் பெற்ற விதத்தைப் பற்றிப் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 20 அன்றுதான், தாள்கள் உண்மையானவை என்று மெய்ப்பிக்க இயலவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. ராதரும் மன்னிப்புக் கோரினார்.

முன்னாள் தலைமை வழக்கறிஞர் டிக் தார்ன்பர்க்கும், அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் லூயிஸ் பொக்கார்டியும் விசாரித்து 2005 ஜனவரியில் அறிக்கை அளித்தனர். தாள்கள் போலியானவை என்று அவர்கள் முடிவாகக் கூறவில்லை. அரசியல் நோக்கம் இருந்தது என்றும் தீர்ப்பளிக்கவில்லை. முந்திக்கொள்ளும் ஆர்வத்தில் அடிப்படைச் சோதனைகளைக் கைவிட்டதையும், பின்னர்க் கண்மூடித்தனமாக வாதாடியதையுமே கண்டித்தனர். தயாரிப்பாளர் மேரி மேப்ஸ் பணிநீக்கப்பட்டார்; உயர் அலுவலர் மூவர் பதவி விலகுமாறு கேட்கப்பட்டனர். அவ்வாண்டு மார்ச்சில் ராதர் மாலைச் செய்திப் பொறுப்பினின்று விலகினார்.

இவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஈராக்கின் அபு கிரைப் சிறைக் கொடுமைகளை 2004 ஏப்ரலில் உலகறியச் செய்தவர்கள் இவர்களே. கடந்த வெற்றி, அடுத்த செய்திக்குச் சான்றாகாது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. கில்லியனின் முன்னாள் செயலர், அத்தாள்களைத் தாம் தட்டச்சு செய்யவில்லை என்றும், ஆயினும் அவற்றின் கருத்து கில்லியனின் எண்ணத்தை ஒத்ததே என்றும் கூறினார். அப்படியாயின், புஷ்ஷின் படைப்பணி பற்றி நேர்மையாகக் கேட்கவேண்டிய வினாக்கள் இருந்தன. அவ்வினாக்களோ எழுத்தின் அகலத்தைப் பற்றிய சச்சரவில் புதைந்துபோயின. சோதியாத சான்று பொய்யருக்கு மட்டுமன்று, மெய்யருக்கும் கேடு விளைவிக்கிறது.

பெற்றோரே, கைப்பேசியில் வரும் செய்தியையும், அண்டை வீட்டாரைப் பற்றிக் காதில் விழும் சொல்லையும் பிறருக்குச் சொல்லுமுன், “இதை யார் சொன்னார்? அவருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கும் வழக்கத்தை வீட்டில் வளர்ப்போம். தவறிச் சொல்லிவிட்டால், பன்னிரண்டு நாட்கள் காத்திராமல் அன்றே திருத்திக்கொள்வோம். பெற்றோர் அவ்வாறு செய்யக் காணும் பிள்ளைகளுக்கு வேறு பாடம் வேண்டுவதில்லை.